அரைப் பேர்

ஹட்டனில், மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
மூன்று மணிக்கே பனி வந்து
ஜன்னலில் குந்திக்கொள்கிறது.
நானூற்றுப் பதினோராவது வாரம் எழுதவேண்டும்.
இருபத்திரண்டு நிமிடம், முப்பது சிரிப்பு.
குறைந்தால் கொழும்பிலிருந்து நிரோஷன் கேட்பான்:
"என்னண்ணே, இந்த வாரம் நிறை பத்தலையே."

என் மதினி இன்னும் மலைக்குப் போகிறாள்.
பதினெட்டுக் கிலோ எடுக்காத நாளுக்கு
அரைப் பேர்தான் விழும்.
செடி வெறிச்சோடிக் கிடக்கிற மாதம்
முத்தல் இலையை அடியில் போட்டு
மேலே கொழுந்தைப் பரப்பித் தராசுக்குக் கொண்டுவருவாள்.
கணக்கப்பிள்ளை கையை விட்டுக் கிளறுவார்.

என்னைக் கிளற ஒருவருமில்லை.
அதுதான் வினை.

முதல் வாரம் இப்படியா இருந்தது?
டவுன் ஹோலில் மேடை, இருநூறு நாற்காலி,
வெளியே மழை. கூரை ஒழுகி,
கடைக்காரர் வேடத்தில் நின்ற கிங்ஸ்லியின் முன்னால்
மா மூட்டை சரிந்தது. நான் எழுதாத மூட்டை.
வசனம் மறந்து மாவையே பார்த்தவர்
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்:
"நான் அப்பவே நெனச்சேன்."

கெமராக்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
அந்தச் சிரிப்பைத்தான் பதிந்து வைத்தோம்.
இன்றுவரை அதையே வெட்டி வெட்டி ஒட்டுகிறோம்.
பிள்ளைக்காம்பரா அந்தோனியம்மாவும் அதில் இருக்கிறார்:
எல்லாரும் சிரித்து முடித்தபின் ஒரு விக்கல்,
பின்னாலேயே ஓர் "அடப்பாவி".
அவர் போய் ஐந்து வருஷம்.
வாராவாரம் சிரிக்கிறார்,
கையால் தொட்டேயிராத கைபேசிகளைப் பற்றிய பகிடிகளுக்கும்.

மூன்று சொல்லையும் தொப்பிபோல் ஏந்திக்கொண்டு
தலை தேடத் தொடங்கினேன்.
கல்யாணம் நின்றது. நெனச்சேன்.
ஆட்டோ கவிழ்ந்தது. நெனச்சேன்.
அன்று கூரை ஒழுகியதால் மூட்டை சரிந்தது;
இப்போது மூட்டை சரியவேண்டுமென்று
கடும் வெயிலிலும் கூரையை ஒழுகவிடுகிறேன்.

முதல் வருஷம் அந்தக் கஞ்சன்
கடன் கொடுத்துவிட்டு, சாக்குகளுக்குப் பின்னால் போய் அழுவான்.
இப்போது வெறும் கஞ்சத்தனம்
சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறது.
அவனுக்கு ஒரு மகள் இருந்தாள்.
நூற்றுநாற்பதாவது வாரம் டியூசனுக்குப் போனவள்.
திரும்பி வருவதை எழுத மறந்துவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

நேற்றிரவு கிங்ஸ்லி பேசினார்.
டிக்கோயாப் பக்கம், லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி
எல்லாரையும் பாடசாலையில் வைத்திருக்கிறார்களாம்.

"விடியிறப்போ வீட்டப் பாக்கப் போனோம், தம்பி.
செவுரு மேலருந்து கீழ வர வெடிச்சிருக்கு.
ஒரு பொடியன், ரெண்டாம் வகுப்பு இருக்கும்,
என் சேட்டப் புடிச்சு இழுத்து
'மாமா, சொல்லுங்க'ங்கிறான்.
சுத்தி நின்னவங்க அத்தன பேரும்
என் வாயத்தான் பாக்குறாங்க."

"சொன்னீங்களா?"

லைனில் மழை மட்டும்.
பிறகு,
"வாய் தொறந்துச்சு. வரல."

எழுதியிருந்த பதினாறு பக்கத்தையும் கிழித்தேன்.
கடைக்காரர், வெடித்த சுவர்.
வாயைத் திறக்கிறார்.
ஏழு வினாடி ஒன்றுமில்லை.
அரைப் பேர் விழட்டும் என்று அனுப்பினேன்.

"அந்த எடம் காலியாக் கெடந்துச்சுண்ணே"
என்றான் நிரோஷன். சிரிப்பை ஒட்டிவிட்டானாம்.

ஞாயிறு இரவு, கீழே மருந்துக்கடையில் நின்று பார்த்தேன்.
கடைக்காரர் வாயைத் திறந்தார்.
இருநூறு நாற்காலியும் சிரித்து ஓய்ந்தன.
பிறகு, தாமதமாக, அந்த விக்கல்.
"அடப்பாவி."

பெனடோல் எண்ணிக்கொண்டிருந்த பெண்
எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.